ஆறிடுச்சுன்னு யாருங்க சொன்னது?

சத்தியமுங்க, இதுல ஒரு வார்த்தகூடப் பொய் கெடையாது. பொய்னு எவனாச்சும் காட்டிட்டா எம் மீசையில ஒரு பக்கத்த மட்டும் செரச்சுக்கிட்டு காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட நாலு சுத்து சுத்தி வாரேன், பின்னாடியே மேளக்காரனையும் தாட்டி உடுங்க. நம்பாதவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க, வாசல் அந்தப் பக்கம். போகலையா? அப்ப உக்காருங்க, குறுக்க பேசாதீங்க.

கோயமுத்தூருக்குக் கெழக்கால, பம்பு செட்டும் கிரைண்டரும் பொறக்கற பட்டறை வீதி ஒண்ணுல நாச்சம்மான்னு ஒரு வெல்டர் இருந்தாங்க. வீதியே நாச்சக்கான்னுதான் கூப்பிடும், அவங்கள விடப் பத்து வயசு மூத்தவனும் நாச்சக்காம்பான். இரும்புல ரெண்டு தினுசுங்க. அடிச்ச இரும்பு நம்மள மாதிரி, எத்தன போடு போட்டாலும் வளைஞ்சு குடுக்கும். வார்த்த இரும்பு ரோசக்காரி, வளைய மாட்டா, ஒடைஞ்சு போவா. ஒடைஞ்ச வார்ப்ப ஒட்டறதுக்கு அந்த ஏரியாவுலயே நாச்சக்கா ஒரு ஆளுதான்.

ஒடைஞ்ச துண்டு வந்தா உடனே வெல்டிங் ராடத் தூக்க மாட்டாங்க. சுத்தியல்ல ஒரு தட்டு தட்டிச் சத்தம் கேப்பாங்க, கிரைண்டர்ல ஒரசிப் பொறி பாப்பாங்க, பொறி வெள்ளையா நீளமா வாணம் விட்டா உருக்கு, செவப்பாக் குட்டையாக் கொட்டுனா வார்ப்பு, அதுக்கப்பறந்தான் நிக்கல் ராடா வேற ராடான்னு முடிவு பண்ணி, துண்டக் கோக் கரியில வெச்சு மெல்ல மெல்ல சூடேத்தி, அது மருதாணி வெச்ச கையாட்டம் செவந்ததுக்கப்பறம் ஒரு இஞ்சு ஒட்டி, நிறுத்தி, சின்னச் சுத்தியல்ல தட்டிக் குடுத்து, மறுபடி ஒரு இஞ்சு ஒட்டி, கடைசியில கழுத்து முங்கச் சாம்பல்ல பொதச்சு வெச்சிருவாங்க. அவ்வளவுதான், இனி அது ஆறணும். ஒரு நாள் ஆவும், ரெண்டு நாளும் ஆவும். அவசரப்பட்டுக் காத்துல எடுத்தா வார்ப்பு பதறிப் போயிரும், உள்ள கருஞ்சாம்பலா இருக்கவேண்டிய இரும்பு வெள்ளைச் சக்கரையா மாறிப் பொட்டுனு விட்டுரும்.

அதனால அந்த வீதியில ஒரு கட்டுப்பாடு. சாம்பல்ல எவங்க பொதச்சாங்களோ அவங்கதான் கைய விட்டுப் பாத்து "ஆறிடுச்சு"ன்னு சொல்லணும். வேற ஒருத்தன் அந்த வார்த்தையச் சொல்லப்படாது. முதலாளியே வந்து "ஆறிடுச்சா?"ன்னு கேட்டாலும் பக்கத்துல நிக்கறவன் வாயத் தொறக்க மாட்டான், "பொதச்சவங்களக் கேளுங்க"ம்பான்.

ஐப்பசி மாசம் ஒரு நாள், தெய்வசிகாமணிங்கற முதலாளியோட இரும்பு வார்க்கற பவுண்டரியில, தகடு வெட்டற பிரஸ்ஸோட கழுத்து கீறல் விட்டுப்போச்சு. எருமத் தலையாட்டம் பெரிய வார்ப்பு. நாச்சக்கா காலையில இருந்து மல்லுக்கட்டி ஒட்டிச் சாம்பல்ல பொதச்சிட்டு, சோறுண்ண ஊட்டுக்குப் போனாங்க. திரும்பி வந்து பாத்தாச் சாம்பக்குழி பல்லு விழுந்த வாயாட்டம் கெடக்குது, கழுத்து பிரஸ்ஸுமேல ஏறி உக்காந்திருக்குது, பிரஸ்ஸு டங்கு டங்குனு தகடு வெட்டிக்கிட்டிருக்குது.

"யாருடா எடுத்தது?"

"ஆறிடுச்சுங்கக்கா, அதான் எடுத்துட்டம்"னு சொன்னான் சூப்பர்வைசர் கந்தவடிவு, சட்டைப்பையில மூணு பேனா வெச்சிருக்கறவன், மூணுலயும் மை இருக்காது.

"ஆறிடுச்சுன்னு யாரு சொன்னது?"

கந்தவடிவு தகட்ட எண்ணற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். நாச்சக்கா கத்திப் பாத்தாங்க, கால்ல உழுவாத கொறையாச் சொல்லிப் பாத்தாங்க, "நிறுத்துங்க, அது தாங்காது"ன்னாங்க. லாரி நிக்குது, லோடு போகணும்னு வெரட்டி உட்டுட்டாங்க.

மூணாம் நாளு கழுத்து விட்டுப்போச்சு. மருதாசலம்னு ஒருத்தர், பதினெட்டு வருசமா அந்த பிரஸ்ஸுல நின்னவர், நாச்சக்காவ அக்கான்னு வாய் நெறையக் கூப்பிடறவர், அவரோட வலது கையில மூணு வெரலு போச்சு. ஆஸ்பத்திரியில போய் நாச்சக்கா நின்னப்ப, கட்டுப்போட்ட கையத் தலகாணி மேல வெச்சுக்கிட்டு அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்.

"உன் வெல்டிங்குதானக்கா விட்டுப்போச்சு."

முதலாளி அப்படித்தான் எழுதிக் குடுத்திருந்தார். கந்தவடிவும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தான், எவன் பேனாவையோ கடன் வாங்கி. அன்னையில இருந்து வீதியில எந்தப் பட்டறையிலயும் நாச்சக்காவ ராடு தொட விடல. அதக்கூட அவங்க தாங்கிக்கிட்டாங்க. மருதாசலம் சொன்னதத்தான் தாங்க முடியல. சோத்துல கைய வெச்சா அந்த வார்த்த, தலையில தண்ணி ஊத்துனா அந்த வார்த்த. அவரு வாயாலயே அதத் திரும்ப எடுக்க வெக்காம நான் அடங்க மாட்டேன்னு ஒரு வைராக்கியம் புடிச்சுக்கிட்டாங்க.

இதுக்கெடையில, ஒடைஞ்சு விழுந்த கழுத்து ஆறவே இல்ல.

பிரஸ்ஸு மேல இருந்தப்ப ஆறுன மாதிரிதான் நடிச்சிருக்குது. கீழ விழுந்ததுக்கப்பறம் சுட ஆரம்பிச்சது, மறுநாளும் சுட்டுது, மறுவாரமும் சுட்டுது. உள்ளங்கைய வெச்சா மூணு எண்ணறதுக்குள்ள எடுத்துரணும், அந்தச் சூடு, கூடவும் இல்ல கொறயவும் இல்ல. முதலாளி தண்ணித் தொட்டியில போடச் சொன்னார், தொட்டித் தண்ணி ரெண்டு நாளைக்கு வெந்நியா இருந்துச்சு, வேலையாளுங்க எல்லாம் சுகமாக் குளிச்சுட்டுப் போனாங்க. ஐஸ் பார் எறக்கினார், வீதிப் புள்ளைங்க சொட்டுன தண்ணிக்குச் சர்பத்து கலக்கிக் குடிச்சிருச்சுங்க. கடைசியில "உருக்கித் தொலைங்கடா"ன்னு குபோலாவுலயே போட்டார், இரும்பத் தண்ணியாட்டம் உருக்கற உலை, அதுல போன பழைய எஞ்சினும் பழைய சக்கரமும் உருகி ஓடுச்சு, கழுத்து மட்டும் உள்ள கெடந்து, அடிக்கதவத் தொறந்தப்ப எண்ண தேச்சுக் குளிச்ச மாப்பிள்ளையாட்டம் பொத்துனு வந்து விழுந்துச்சு, அதே சூட்டோட. முதலாளி செயின் போட்டு இழுத்துட்டு வந்து கேட்டுக்கு வெளிய ரோட்டோரத்துல தள்ளிட்டார்.

அதுதான் அவரு பண்ணுன தப்பு. உள்ள கெடந்தா அது அவரு இரும்பு. ரோட்டுக்கு வந்துட்டா ஊரு இரும்புங்க.

மொத நாளு நாயிங்க வந்து சுத்திப் படுத்துச்சு. ரெண்டாம் நாளு டீக்கடை அய்யாவு பாலுச் சட்டியக் கொண்டாந்து பக்கத்துல வெச்சுப் பாத்தார், பொழுதடையற வரைக்கும் பாலு சூடாவே இருந்துச்சு, மூணாம் நாளு டீக்கடையவே அஞ்சடி நகத்திக்கிட்டு வந்துட்டார். கார்த்திக மழையில யூனிபார்ம் காயலைன்னு தாய்மாருங்க வரிசையா வந்து, கழுத்துமேல சட்டையும் பாவாடையுமாப் போட்டு உலத்திக்கிட்டுப் போனாங்க, அப்பளக்காரி பாவாத்தா ரெண்டு கட்டில் கொண்டாந்து போட்டா, எடம் புடிக்கறதுல பாவாத்தாளுக்கும் யூனிபார்ம்காரிகளுக்கும் சண்ட வந்து, காலையில பத்து மணி வரைக்கும் துணி, மத்தியானம் அப்பளம், சாயங்காலம் மூட்டு வலிக்காரங்கன்னு அய்யாவு டைம் டேபிள் போட்டுச் சுண்ணாம்புல எழுதி வெச்சார். மார்கழிக் குளுருல கான்ஸ்டபிளு ஒருத்தரு ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு அதுக்கு முதுகக் காட்டி நின்னே ராத்திரி ரோந்து பூராப் பாத்துட்டார். கல்யாணப் பத்திரிக்கையில எடஞ்சொல்லறப்ப "ஆறாத கழுத்துக்கு எதிர் சந்து"ன்னு அச்சடிச்சாங்க. ஒரு எரும எடைக்கு இரும்பு மூணு மாசமா ஏன் சுட்டுக்கிட்டிருக்குதுன்னு ஒரு பய கேக்கல. வெளியூரு ஆளு ஒருத்தன் பாவாத்தாகிட்டக் கேட்டதுக்கு, "ஆறிடுச்சுன்னு பொய் சொன்னா யாருக்குத்தான் பத்திக்கிட்டு வராது?"ன்னு சொல்லிட்டு அப்பளத்தத் திருப்பிப் போட்டா.

நாச்சக்கா தெனமும் வருவாங்க. துணிக்கும் அப்பளத்துக்கும் நடுவுல கைய நொழச்சு, கழுத்துமேல உள்ளங்கைய வெப்பாங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, எடுத்துருவாங்க. எல்லாரும் அவங்க வாயவே பாப்பாங்க. "ஆறல"ம்பாங்க. போயிருவாங்க.

வீதியில பாதிப் பேருக்கு அவங்க மேல பாவமாப் போச்சு. "நாச்சக்கா, நடந்தது நடந்துபோச்சு, மனசு ஆறுங்க"ன்னு அய்யாவு டீயக் கையில குடுத்தே சொன்னார்.

"ஏனுங்கண்ணா, எம் மனச எந்தச் சாம்பல்ல பொதச்சீங்க? பொதச்சவனா நீங்க? அப்ப எதுக்கு ஆறு ஆறுன்னு நிக்கறீங்க?"

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குச் சொல்லித்தான் மூணு வெரலு போச்சு."

தை மாசத்துல யாரோ கழுத்துக்கு மஞ்சத் துணி சுத்திக் குங்குமம் வெச்சுட்டாங்க. ஆறாத மாரியாத்தான்னு பேரும் வெச்சாச்சு, உண்டியலுக்கு ஒரு பெயிண்ட் டப்பாவும் ரெடி. நாச்சக்கா வந்தாங்க, மஞ்சத் துணிய அவுத்து ஒதறி மடிச்சு, வெச்சவங்க கையிலயே குடுத்தாங்க.

"இது சாமியில்லீங்க, சாட்சி. சாட்சிக்குப் பொங்கல் வெச்சுப் போட்டா வாயத் தொறந்து ஏப்பந்தான் விடும்."

"சாமி குத்தமாயிரும் புள்ள!"

"ஆகட்டும். சாமிக்கும் எனக்கும் நான் பேசிக்கறேன்."

சாட்சின்னு சும்மா சொல்லல. கவுர்மெண்டு பேக்டரி ஆபீசுல இருந்து இன்ஸ்பெக்டர் அருளானந்தம்னு ஒருத்தர் விசாரணைக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்தார். வெல்டிங்கோட ஒரு பக்கம் அன்னைக்கே ஒடைஞ்சு மழையில துருப்புடிச்சுப் போச்சு, அதப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா வெல்டிங்கோட மறுபக்கம் அப்படியேதான் இருக்குது. அத அடிச்சுப் பாக்கணும். அடிச்சா வெல்டிங்கு விட்டுதுன்னா நாச்சக்கா மேல தப்பு. வெல்டிங்கு நின்னு, பக்கத்து இரும்பு வெள்ளச் சக்கரையா ஒடைஞ்சுதுன்னா, ஆறும் முன்ன எவனோ எடுத்துட்டான்னு அர்த்தம். சங்கதி அவ்வளவுதான். ஆனா இன்ஸ்பெக்டர் கையில இருந்த ரூல் புஸ்தகத்துல, இரும்பு அறை வெப்பநிலைக்கு வந்தாத்தான் அடிச்சுப் பாக்கணும்னு ஒரு வரி இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் வருவார், துப்பாக்கியாட்டம் ஒரு தெர்மாமீட்டர நீட்டுவார், அம்பத்தெட்டு டிகிரிம்பார், "அறை வெப்பநிலைக்கு வரல, ஆறட்டும், அப்பறம் பாக்கலாம்"னு எழுதிட்டுப் போயிருவார்.

அய்யாவு அந்தக் காயிதத்த எழுத்துக்கூட்டி வாசிச்சார். "அறை... வெப்ப... நிலை. ஓஹோ! கன்னத்துல ஒரு அறை விட்டா எந்தச் சூடு வருமோ அந்தச் சூடு. கொண்டாங்கடா கந்தவடிவ, அளந்து பாத்துருவம்!"

வீதி பூரா சிரிச்சுது. முதலாளிகூட காருக்குள்ள உக்காந்து சிரிச்சார். அவருக்கென்ன, அது ஆறாத வரைக்கும் விசாரணையில்ல. ஆனா அவருக்கும் ஒரு பயம் உள்ளார ஓடிக்கிட்டிருந்துச்சு, அது கேட்டு வாசல்லயே கெடந்து எல்லார்த்தையும் பாத்துக்கிட்டே இருக்குதில்ல. மாசியில ஒரு நாளு கண்ணாடிய எறக்கிக் கூப்பிட்டார்.

"நாச்சம்மா, அது நீ சொன்னாத்தான் ஆறுமாம், ஊரே சொல்லுது. ஒரே வார்த்த. ஆறிடுச்சுன்னு சொல்லிரு. நாளைக்கே வேலைக்கு வா. நான் அத எடுத்து உருக்கிக்கறேன், உனக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி."

"அன்னைக்கு ஆறிடுச்சுன்னு சொன்னது யாருன்னு மொதல்ல சொல்லுங்க முதலாளி."

"பழசக் கெளறாத."

"சூடா இருக்கறது எப்படிங்க பழசாவும்?"

கண்ணாடி ஏறிருச்சு. ஆனா நாச்சக்கா அன்னைக்கு ராத்திரி பூராக் கூட்டிக் கழிச்சுப் பாத்தாங்க. சொல்லாட்டி விசாரணை நடக்காது, சொன்னா அந்தாளு உருக்கிருவான். சும்மா இருந்தாலும் மாட்டிக்கிட்டம், வாயத் தொறந்தாலும் மாட்டிக்கிட்டம். மாசி போச்சு, பங்குனி போச்சு. சித்திர வந்துச்சு. கோயமுத்தூரு குளுகுளுன்னு சொன்னவனெல்லாம் தலையில ஈரத்துண்டோட அலைஞ்சான். ஒரு மத்தியானம் தகரக் கொட்டாயிக்குள்ள உக்காந்து வேர்வையத் தொடச்சுக்கிட்டிருந்த நாச்சக்கா, தொடச்சுக்கிட்டிருந்த முந்தானைய அப்படியே பாதியில நிறுத்துனாங்க.

ஓடி வந்து அய்யாவு கையப் புடிச்சாங்க. "அண்ணா, இரும்பு அறையோட சூட்டுக்கு வரணும்னுதான எழுதியிருக்குது?"

"ஆமா."

"அறை இரும்போட சூட்டுக்கு வந்தா ஆவாதா?"

அய்யாவு வாய் தொறந்தது தொறந்தபடி நின்னார். டீ வழிஞ்சு ஓடுச்சு.

அடுத்த நாளு காலையில வீதியே கௌம்பிருச்சு. ஒருத்தன் தகரம், ஒருத்தன் கம்பி, கிரைண்டர் பட்டறைக்காரங்க கோக் கரி, லேத்துக்காரங்க காத்தூதற புளோயரு ரெண்டு, பாவாத்தா அப்பளக் கட்டில ஒடச்சுக் கதவுக்குச் சட்டம்னு கொண்டாந்து, நாலு பக்கமும் அடச்சு, ஜன்னலே இல்லாம, கழுத்தச் சுத்தி ஒரு அறையக் கட்டி, ரெண்டு மூலையிலயும் கரிய மூட்டி, சித்திர வெய்யிலயும் கூடக் கூப்பிட்டுக்கிட்டாங்க. முதலாளி போன்ல கத்துனார், ரோட்டு எடம்னார், போலீசுன்னார். அந்த கான்ஸ்டபிளு வந்து பாத்தார், மார்கழியில முதுகு காச்சுனது ஞாபகம் வந்துச்சோ என்னமோ, ஒரு தகரத்தத் தூக்கிப் புடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டார்.

இன்ஸ்பெக்டர் உள்ள வந்தார். தெர்மாமீட்டர இரும்புக்கு நீட்டுனார், அம்பத்தெட்டு. செவத்துக்கு நீட்டுனார், அம்பத்தேழு. பாவாத்தா ஒரு சட்டி கரிய அள்ளிப் போட்டா. அம்பத்தெட்டு. இன்ஸ்பெக்டர் சட்டைய அவுத்தார், பனியன அவுத்தார், ரூல் புஸ்தகத்தப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தார், அறை இவ்வளவுக்கு மேல சுடப்படாதுன்னு எங்கயும் எழுதல.

"சரி," மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னார், "ரெண்டு தரப்புலயும் சேராத ஆளு ஒருத்தர் அடிக்கணும்."

"நான் அடிக்கறேன்."

தகரக் கதவத் தள்ளிக்கிட்டு மருதாசலம் வந்து நின்னார். ஆறு மாசமா அந்தப் பக்கமே வராத மனுசன். நாச்சக்கா மொகத்தப் பாக்கல. எடது கையில பெரிய சம்மட்டிய எடுத்தார், வலது கையில மிச்சமிருந்த ரெண்டு வெரல அணச்சுக் குடுத்தார். இன்ஸ்பெக்டரு வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தார், நாச்சக்கா "அடிக்கட்டும்"ன்னாங்க.

மொத அடி வழுக்கிருச்சு. ரெண்டாவது அடிக்கு இரும்பு மொணங்குச்சு. மூணாவது அடி வெல்டிங்கு மேலயே நேரா உழுந்துச்சு, வேணும்னேதான் அடிச்சார், வெல்டிங்கு அசையல. நாலு, அஞ்சு, வேர்வ கண்ணுல எறங்குது, ஆறு, ஏழாவது அடிக்குப் பொட்டுனு விட்டுச்சு, வெல்டிங்குக்கு ஒரு வெரக்கட தள்ளி. துண்டு பொரண்டு விழுந்து மொகத்தக் காட்டுச்சு.

வெள்ள. அரைச்ச சக்கரையாட்டம், அந்தக் கரிப்பொகைக்குள்ளயும் பளபளன்னு மின்னுது.

மருதாசலம் குத்துக்கால் போட்டு உக்காந்து அந்த வெள்ளைய வெரலு போன கையாலத் தடவுனார். அவரும் அதே வீதிக்காரர்தான், அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. மெல்லத் தலையத் தூக்கி, கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்ன கந்தவடிவப் பாத்தார்.

"ஏனுங் சூப்பர்வைசரே, செவக்கச் செவக்க எடுத்துத் தண்ணி காட்டுனீங்களாக்கும்?"

கந்தவடிவு வேர்த்து வழிஞ்சான், அந்தக் கொட்டாயில எல்லாரும்தான் வேர்த்தாங்க, இவன் மட்டும் குளுருல நடுங்கற மாதிரி வேர்த்தான். "முதலாளிதானுங்... லாரி நிக்குதுன்னு... ரெண்டு கொடந்தான் ஊத்துனன்... ஆறிடுச்சுன்னு நான்தான் சொல்லிப் போட்டேன்..."

இன்ஸ்பெக்டர் எழுதுனார். பேனா மை வேர்வையில கரைய, பென்சில் வாங்கி எழுதுனார்.

மருதாசலம் எந்திரிச்சார். "நாச்சக்கா. ஆஸ்பத்திரியில நான் சொன்னத..."

"சொல்லுடா. முழுசாச் சொல்லு."

"உன் வெல்டிங்கு விடல. நாந்தான் உன்ன விட்டுட்டேன்."

நாச்சக்கா அவரு கையில இருந்த சம்மட்டிய வாங்கிக் கீழ வெச்சாங்க, அந்த ரெண்டு வெரலையும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாங்க.

அந்த நேரம் பாத்து முதலாளி உள்ள வந்தார், கைக்குட்டையால மூக்கப் பொத்திக்கிட்டு. நெலம கை மீறிப் போச்சுன்னு தெரிஞ்சதும் மனுசனுக்குத் தேனா வடிஞ்சுது. "சரி சரி, எல்லாம் வெளிச்சமாயிருச்சு. நாச்சம்மா உள்ள வா, மருதாசலத்துக்குச் சேர வேண்டியத ஆபீசு சொல்லற மாதிரி செஞ்சறலாம். அவ்வளவுதான? விடுங்க எல்லாரும். ஆறிடுச்சு."

எல்லாரும் நாச்சக்கா பக்கம் திரும்புனாங்க.

"சொல்லறது சரிங்க முதலாளி," நாச்சக்கா கழுத்துக்கு அந்தப் பக்கம் நவுந்து எடம் விட்டாங்க, "கைய வெச்சுச் சொல்லுங்க."

முதலாளி கைய நீட்டுனார். இரும்புக்கு ஒரு சாண் மேல வரைக்கும் கை வந்துச்சு. எல்லாரும் எண்ணறதுக்கு ரெடியா நின்னாங்க. கை அங்கயே நின்னு, திரும்பி, கைக்குட்டைய எடுத்துக்கிட்டுப் பைக்குள்ள போயிருச்சு.

நாச்சக்கா சிரிக்கக்கூட இல்ல. வெல்டிங் கண்ணாடியத் தலையில ஏத்திக்கிட்டு, "வாடா மருதாசலம், உள்ள நம்ம வேல கெடக்குது"ன்னு, கேட்டத் தொறக்கச் சொல்லிக் கேக்காம, அவங்களே தள்ளித் தொறந்துக்கிட்டு உள்ள போனாங்க. பின்னாடியே வீதி அந்தக் கழுத்த உருட்டிக்கிட்டுப் போச்சு. இன்னைக்கும் அது அதே சூட்டோட சாம்பக்குழி ஓரத்துலதான் கெடக்குது, எவனாச்சும் அவசரத்துல ஆறிடுச்சும்பான்னா, கைய வெச்சுச் சொல்லுன்னு பத்துப் பேரு ஒண்ணாக் கத்துவாங்க.

கத அவ்வளவுதாங்க. என்ன, எந்திரிக்கறீங்க? இத்தன நேரம் ஓசியிலயா காதக் குடுத்தீங்க? எந் தொண்ட காஞ்சு தகரமாக் கெடக்குது. ஆளுக்கொரு தேங்கா பன்னு, நாலு மொளகா பஜ்ஜி, ஒரு டீ. டீய ஆத்திக் குடுத்துக் கூலியக் கொறைக்கலாம்னு பாக்காதீங்க, ஆத்தாம, நொரையோட, சுடச்சுடக் கொண்டாங்க. அதக் குடிச்சு முடிக்கற வரைக்கும் ஒரு பயலும் செருப்ப மாட்டப்படாது, உங்க செருப்பெல்லாம் எம் மூட்டைக்கு அடியிலதான் இருக்குது.